இரண்டடி மூன்றங்குலம்: வேல்ஸ் மலைக்குள் ஆறு நாள்

மே 9, வெள்ளி – மகன்லெத்

ரயிலை விட்டு இறங்கியபோது மணி நான்கரை. மழை சாரலாகப் பெய்துகொண்டிருந்தது. காரிஸ் கிராமத்தில் தன்னார்வலர்கள் மீட்டெடுத்து ஓட்டும் ஒரு குறுகிய ரயில் தடத்தில் வேலை செய்ய வந்திருக்கிறேன். இங்கிருந்து ஐந்து மைல்தான், ஆனால் நான் நம்பி வந்த பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையில் 4.50 என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது. முதுகுப் பை நனைந்து கனமேறியது. உள்ளே இரண்டு நாள் வேலைக்கான உடையும், பெரிய டப்பாவில் புளிசாதமும் இருந்தன.

ஒரு பழைய வேன் என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நாயைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். "அந்த பஸ்ஸுக்காக நின்றீர்களா? நானும் நின்றிருக்கிறேன்," என்றார். வழியெல்லாம் சாலையில் வெள்ளை எழுத்தில் 'அராவ்' என்று எழுதியிருந்தது. வேல்ஸ் மொழியில் 'மெதுவாக' என்று பொருளாம். அவருடைய தாத்தா அபர்லெஃபென்னி சுரங்கத்தில் சிலேட்டுக் கல் உடைத்தவர். "ரயில் வேலைக்கா வந்திருக்கிறீர்கள்? அவர்கள் ரொம்பப் பொறுமைசாலிகள்," என்று சொல்லிச் சிரித்தார். பெட்ரோலுக்கு ஏதாவது தரட்டுமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது, கேட்டிருக்கக் கூடாது.

விடுதியில் ஒரு கட்டிலுக்கு 25 பவுண்ட். ஜன்னலுக்கு வெளியே ஓடை சத்தம் இரவெல்லாம் கேட்டது.

மே 10, சனி – மைஸ்போய்த்

காலை ஒன்பது மணிக்கு மைஸ்போய்த் என்ஜின் ஷெட் வாசலில் நின்றேன். 1878இல் கட்டிய கல் கட்டடம். இத்தனை நூல்களிலும் கட்டுரைகளிலும் படித்திருந்தும், வாசல் வழியாக உள்ளே போகும் அந்தத் தண்டவாளத்தின் குறுகலைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். இரண்டடி மூன்றங்குலம். காலை அகட்டி நின்றால் இரண்டு தண்டவாளத்திலும் ஒவ்வொரு பாதத்தை வைக்கலாம்.

காரிஸ் ரயில்வேயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1859இல் குதிரை இழுக்கும் தடமாகத் தொடங்கியது. மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கீழே டவி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவருவதுதான் வேலை. நீராவி என்ஜின்கள் பிறகு வந்தன. 1931இல் பயணிகள் ரயில் நின்றது. 1948 ஆகஸ்டில், டவி ஆற்று வெள்ளம் பாலத்துக்கருகே கரையை அரித்த பிறகு, சரக்கு ரயிலும் நின்றது. தண்டவாளத்தையும் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

1966இல் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களிடம் தண்டவாளம் இல்லை, என்ஜின் இல்லை, நிலமும் இல்லை. 1970இல் ஒரு சிறு அருங்காட்சியகம் திறந்தார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் ஓடியது 2002இல். முப்பத்தாறு வருடம். கிடைத்த தடம் முக்கால் மைல் அளவு. இதைப் படிக்கிறவர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நேற்று வேனில் கேட்ட 'பொறுமைசாலிகள்' என்ற சொல்லின் எடை எனக்கு இன்று காலைதான் புரிந்தது.

எங்கள் குழுவில் ஏழு பேர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்த நர்ஸ், 19 வயதுக் கல்லூரி மாணவன், வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வரும் கணவன் மனைவி, குழுத் தலைவர், நான். முதலில் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ஆரஞ்சு மேல்சட்டை கொடுத்தார்கள். அடுத்து வேலை என்று நினைத்தேன். அடுத்து தேநீர்.

காலை வேலை, தண்டவாளத்தைத் தாங்கும், மக்கிப்போன ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றுவது. கட்டைக்கு இரு பக்கமும் உள்ள ஜல்லியைத் தோண்டி எடுக்கவேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றவேண்டும். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தை ஒரு விரல் அளவு தூக்கினால், கட்டையைப் பக்கவாட்டில் உருவலாம். உருவும்போதே பாதி, ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. புதுக் கட்டையை இடுக்கி போட்டு இரண்டு பேர் இழுத்து உள்ளே தள்ளி, கேஜ் கோல் வைத்துத் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை அளந்து, ஆணி அடித்து, ஜல்லியைத் திரும்பப் போட்டு, கட்டைக்கு அடியில் இறுக்கமாகக் குத்தவேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் வேலை. என் பெரியப்பா மயிலாடுதுறைப் பக்கம் கீமேனாக இருந்தவர். தினமும் விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் தண்டவாளத்தில் நடப்பார். தரங்கம்பாடி மீட்டர் கேஜ் தடத்திலும் நடந்திருக்கிறார். அது 1986இல் நின்றுபோனது. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே வெறும் மண்மேடுதான் மிச்சம், அதன்மேல் ஆடு மேயும். "கட்டைக்கு அடியில ஜல்லி பேசக்கூடாதுடா," என்பார். கட்டை ஆடி ஜல்லி சத்தம் போட்டால் அடியில் காலி இருக்கிறது என்று அர்த்தம். இன்று முழுக்க அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. குழுத் தலைவர் ஒவ்வொரு கட்டையின் மேலும் ஏறி நின்று, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பார்த்தார். சத்தம் கேட்டால் தலையை அசைத்துவிட்டு இறங்குவார், நாங்கள் மறுபடி குத்துவோம்.

மதியத்துக்குள் ஐந்து கட்டை மாற்றினோம். ஏழு பேர், மூன்றரை மணி நேரம், ஐந்து கட்டை.

சாப்பாட்டு நேரத்தில் புளிசாத டப்பாவைத் திறந்தேன். நர்ஸ் முதலில் ஒரு கரண்டி எடுத்தார். "இந்தப் புளிப்பு என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இரண்டாவது கரண்டி எடுத்தார். எனக்குக் கவுல் கொடுத்தார்கள். ஆட்டுக்கறியும் லீக் தண்டும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த சூப். மிளகு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் நனைந்த உடம்புக்கு நம் ஊர் ஆட்டுக்கால் சூப் என்ன செய்யுமோ அதையே செய்தது.

மதியத்துக்குப் பிறகு தெற்கு நீட்டிப்புக்கு அழைத்துப் போனார்கள். மைஸ்போய்த்திலிருந்து டான் அ கோய்ட் என்ற இடம் நோக்கித் தடத்தை நீட்டுகிறார்கள். பழைய தடத்தின் ஒரு பகுதி, பக்கத்தில் போகும் நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது சாலைக்குள் போய்விட்டது. அதனால் புதிதாக ஒரு வளைவு கட்டவேண்டும், வளைவு நிற்க ஒரு கரை எழுப்பவேண்டும். ஆயிரக்கணக்கான டன் மண்ணும் கல்லும் வேண்டும். கிடைக்கிறபோது வாங்கி, லாரி லாரியாகக் கொட்டி, இறுக்கி, அடுத்த பணம் வரும்வரை காத்திருக்கிறார்கள். முட்செடிகளை வெட்டி வடிகாலைச் சுத்தம் செய்வது எங்கள் பங்கு.

ஆசிரியரிடம் கேட்டேன், அந்த முனையில் ரயில் போய்ச் சேரும்போது நீங்கள் ஏறுவீர்களா என்று. வடிகாலில் இருந்த ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டு, "இந்தத் தண்ணீர் இங்கே தேங்கினால் யாரும் ஏற முடியாது," என்றார். திரும்பக் குனிந்துவிட்டார்.

மே 11, ஞாயிறு – காரிஸ்

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் ஆறரைக்கு ஷெட்டில் இருந்தேன், என்ஜினுக்குத் தீ மூட்டுவதைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஃபயர்மேன் வேலை பார்ப்பவர் ஐம்பது வயதுப் பெண். முதலில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்தார். பிறகு நேற்றைய சாம்பலை அள்ளினார். எண்ணெயில் நனைத்த துணி, சின்னச் சின்ன விறகு, அப்புறம்தான் நிலக்கரி. நீராவி ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் பாய்லரின் ஒரு பக்கம் சூடாகி விரிய, மறுபக்கம் குளிர்ந்தே கிடக்கும், இரும்புக்கு அது ஆகாது என்று சொல்லிக்கொடுத்தார். நடு நடுவே தட்டில் வைத்திருந்த வெல்ஷ் கேக்கை என் பக்கம் நகர்த்தினார். தோசைக்கல் மாதிரி ஒரு கல்லில் சுடும், உலர்திராட்சை போட்ட வட்ட ரொட்டி. என்ஜின் சூட்டில் சாப்பிட்டதாலோ என்னவோ, இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே சிறந்தது அதுதான்.

இந்த என்ஜினைப் பற்றிச் சொல்லவேண்டும். எண் 7. பழையது போல இருந்தாலும் புதியது, 2005இல் ஓடத் தொடங்கியது. இந்தத் தடத்தில் முன்பு ஓடிய எண் 4 என்ஜினின் மாதிரியை ஒட்டிக் கட்டியது. பணம் திரட்டத் தொடங்கியதிலிருந்து பத்து வருடம் ஆனதாம். அசல் எண் 4 எங்கே? அதைப் பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை போகப்போகிறேன்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆனாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் இருந்தார்கள். நான் மேடையில் கதவு மூடும் வேலைக்கு உதவினேன். கிராமத்திலிருந்து ஷெட் வரை பத்து நிமிடப் பயணம். அங்கே இறக்கி, ஷெட்டைச் சுற்றிக் காட்டி, திரும்ப ஏற்றி வருகிறார்கள். அபரிஸ்ட்வித்திலிருந்து வந்த வயதான தம்பதி, பாரா பிரித் ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாமா கூடாதா என்று வேல்ஸ் மொழியில் விவாதித்துக்கொண்டே வந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. கடைசியில் அந்த அம்மா எனக்கும் ஒரு துண்டு வாங்கித் தந்து, "நீங்களே சொல்லுங்கள்," என்றார். வெண்ணெயோடுதான் நன்றாக இருந்தது. அவர் கணவர் என்னிடம் மீண்டும் பேசவில்லை.

மூன்றாவது ரயிலில் கார்டு என்னை ஏற்றிக்கொண்டார். நேற்று மாற்றிய ஐந்து கட்டைகள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். வேலியில் கட்டிய நீலக் கயிறு அடையாளம். அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சக்கரத்தின் ஓசை மாறவில்லை. பெட்டியில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மே 12, திங்கள் – டவின்

மகன்லெத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபரிஸ்ட்வித் போகும், மறு பாதி கடலோரமாக வடக்கே போகும். தூக்கக் கலக்கத்தில் தவறான பாதியில் ஏறிவிட்டேன். கார்டு சீட்டைப் பார்த்ததும் பொறுமையாகச் சொல்லி, டவி ஜங்ஷனில் இறக்கிவிட்டார். சுற்றிலும் சதுப்பு நிலம், ஊரும் இல்லை, கடையும் இல்லை. மேடையில் நான் ஒருவன், தூரத்தில் கொக்கு போல ஏதோ ஒரு பறவை. சில நிமிடங்களில் சரியான பாதி வந்து சேர்ந்தது.

உடம்பு வலி. டவின் கடற்கரையில் கொஞ்சம் நடந்தேன், காற்று தள்ளியது. மீனும் சிப்ஸும் 12 பவுண்ட், இரண்டு பேர் சாப்பிடலாம். மதியம் முழுக்கத் தூங்கினேன்.

மே 13, செவ்வாய் – தலஹ்லின் தடம்

வெயில்! ஐந்து நாளில் முதல் முறை.

தலஹ்லின் ரயில்வேதான் இதற்கெல்லாம் ஆரம்பம். தன்னார்வலர்கள் எடுத்து நடத்திக் காப்பாற்றிய ரயில்களில் உலகிலேயே முதலாவது. இதற்கும் அகலம் இரண்டடி மூன்றங்குலம்தான். சிலேட்டுச் சுரங்கத்துக்காக 1860களில் போட்ட தடம். அதன் சொந்தக்காரர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி நஷ்டத்திலேயே ஓட்டினார். 1950 ஜூலையில் இறந்தார். அந்த அக்டோபரில் எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் போட்டார்கள். அடுத்த மே மாதமே தன்னார்வலர்கள் ரயிலை ஓட்டினார்கள்.

ஆனால் அவர்களிடம் ஓடக்கூடிய என்ஜின் ஒன்றுதான் இருந்தது, அதுவும் 1866ஆம் வருடத்தது. அப்போது மகன்லெத் ரயில் நிலையத்தில் இரண்டு என்ஜின்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. மூடப்பட்ட காரிஸ் தடத்தின் எண் 3, எண் 4. அதே அகலத்தில் சக்கரம் உள்ள என்ஜின்கள் பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கும்? ஒன்று 25 பவுண்ட் என்று இரண்டையும் வாங்கினார்கள். எண் 3ஐத் தடத்தில் விட்டதும் அது தண்டவாளத்துக்கு நடுவே இறங்கிவிட்டது. தலஹ்லின் தடம் பராமரிப்பின்றி அகன்றுபோயிருந்தது, காரிஸ் என்ஜினின் சக்கரப் பட்டையோ குறுகல். எண் 4ஐ லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் நிறுவனம் காசு வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுத்தது. அந்த என்ஜின்தான் அடுத்த வருடங்களில் பாரத்தைத் தாங்கியது.

செத்துப்போன ஒரு தடத்தின் என்ஜின்கள் சாகப்போன இன்னொரு தடத்தைக் காப்பாற்றின. இது நடந்து பதினைந்து வருடம் கழித்துத்தான் காரிஸ்காரர்களின் சங்கமே பிறக்கிறது. ஒரு தோட்டத்தில் கிடந்த காரிஸ் பயணிகள் பெட்டி ஒன்றையும் தலஹ்லின்காரர்கள் மீட்டுச் சீர்செய்து ஓட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை வளர்த்தது மாதிரி வளர்த்திருக்கிறார்கள்.

காலை ரயிலை இழுத்தது எண் 4. இப்போது பெயர் 'எட்வர்ட் தாமஸ்', பழைய மேலாளர் ஒருவரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை பார்த்த எண் 7இன் மூத்த அண்ணனை நேரில் பார்க்கிறேன். அதே கூரை, அதே புகைபோக்கி உயரம். கைப்பிடியில் நூறு வருடக் கை பட்டுத் தேய்ந்த வழவழப்பு மட்டும் இதற்குச் சொந்தம்.

பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு. கார்டிடம் கேட்டேன். 1866இல் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் போதுமான இடைவெளி இல்லை என்று கண்டுபிடித்தார். பாலங்களை இடித்துக் கட்டப் பணம் இல்லை. அதனால் ஒரு பக்கத்துக் கதவுகளை அடைத்து, பாலத்துக்கு அடியில் தடத்தை ஓரமாக நகர்த்திப் போட்டார்கள். அன்று செய்த ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

டால்கோக்கில் ரயில் ஓடைக்கு மேலே செங்கல் பாலத்தில் போகிறது. காட்டுக்குள் நீலமணிப் பூக்கள் தரை முழுக்க. அபர்கனோல்வின் தாண்டினால் நான்ட் குவெர்னால், கடைசி நிறுத்தம். பழைய காலத்தில் பயணிகள் ரயில் இங்கே வந்ததில்லை, கல் வண்டிகள் மட்டும்தான். தன்னார்வலர்கள் மலைச்சரிவில் பாறையை வெடித்து வளைவை அகலப்படுத்தி, வருடக்கணக்கில் உழைத்து 1976 மே மாதம் திறந்தார்கள். மேடையில் நிற்கும்போது ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் வெட்டிய பாறை. பாறையில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமாக, குளிராக இருந்தது. நீட்டிப்பு என்ற சொல்லைச் சனிக்கிழமைவரை வரைபடத்தில் ஒரு கோடாகத்தான் நினைத்திருந்தேன்.

இறங்கும்போது ஃபயர்மேனிடம் சொன்னேன், சனிக்கிழமை காரிஸில் கட்டை மாற்றினேன் என்று. இருபது வயதுப் பையன், முகமெல்லாம் கரி. "எத்தனை?" என்றான். "ஐந்து." என்ஜினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவன் ஊர்த் தடத்துக்கு ஐந்து கட்டை. வாருங்கள், மேலே ஏறுங்கள்," என்றான். திரும்பும் முன் மூன்று நிமிடம் என்ஜின் மேடையில் நின்றேன். முகத்தில் அடித்த சூட்டில் கண்ணில் நீர் வந்தது. சூடு மட்டும் காரணம் இல்லை.

மே 14, புதன் – திரும்பும் வழி

இரவெல்லாம் கொட்டியது. காலையில் ரயில் ஜன்னலில் எதுவும் தெரியவில்லை, டவி முகத்துவாரம் ஒரே சாம்பல் நிறம்.

ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. காது கொஞ்சம் மந்தம், ஆனால் ரயில் என்றால் எல்லாம் கேட்கும். நீளமாகச் சொன்னேன். இரண்டடி மூன்றங்குலம் என்றதும் நம்பவில்லை, இரண்டு தடவை சொல்லவைத்தார். மீட்டர் கேஜிலேயே வளைவில் எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்றார். நூறு வருட என்ஜின், 25 பவுண்ட், மலைப்பாறை எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். நான் முடித்ததும் கேட்டார்:

"மழை பேஞ்சுதுன்னியே. நீ போட்ட கட்டைக்கு அடியில தண்ணி நிக்குதா, பாத்தியா?"

பார்க்கவில்லை, பெரியப்பா என்றேன். "அப்ப கேளு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

காரிஸ் குழுத் தலைவருக்குச் செய்தி அனுப்பினேன். ஷ்ரூஸ்பரி வரும்வரை பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. நீலக் கயிறு கட்டிய வேலி, ஈரமான ஜல்லி, ஐந்து புதுக் கட்டைகள், பக்கத்து வடிகாலில் ஓடும் தண்ணீர். கீழே ஒரு வரி: "நான்கு நன்றாக இருக்கின்றன. மூன்றாவது கொஞ்சம் பேசுகிறது. சனிக்கிழமை மறுபடி குத்துவோம்."

படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரக் கடைசிக்கு மகன்லெத் டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன்.